உடைத்த கையும் எழுதிய கையும்

(தரங்கம்பாடியில் நிகழ்த்திய சொற்பொழிவு)



'திறந்த மனம் யாருக்கு அதிகம், ஆத்திகருக்கா நாத்திகருக்கா?' இதுதான் எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு. பட்டிமன்றமாக இருந்தால் இந்தப் பக்கம் மூன்று பேர், அந்தப் பக்கம் மூன்று பேர் பேசுவார்கள். நடுவர் கடைசியில் ஒரு தீர்ப்புச் சொல்வார். நாமும் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போவோம். இன்று அந்த வசதி இல்லை. நான் ஒருவனே பேச வேண்டும். அதனால் நான் எந்தக் கட்சி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் நம்புகிறவன். திருநீறு பூசாமல் வீட்டை விட்டு இறங்கியதில்லை. நான் சொல்வதை அதற்குத் தக்கபடி எடை போட்டுக்கொள்ளுங்கள்.

இந்தக் கேள்வியைக் கேட்பதற்குத் தரங்கம்பாடியைப் போல ஓர் ஊர் கிடைக்காது. 1306-இல் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயில் அலை ஓரத்தில் நிற்கிறது. அதன் முன்பகுதியைக் கடல் எப்போதோ கொண்டுபோய்விட்டது. நாலடி நடந்தால் 1620-இல் டேனிஷ்காரர் கட்டிய கோட்டை. ராஜ வீதியில் 1718-இல் கட்டிய புது எருசலேம் தேவாலயம். பக்கத்தில் பள்ளிவாசல். ஒரே காற்று எல்லாச் சுவரையும் அரிக்கிறது, ஒரே உப்பு எல்லாக் கதவிலும் படிகிறது.

அந்தப் புது எருசலேம் தேவாலயத்துக்குள் புதைக்கப்பட்டிருக்கும் மனிதரிடமிருந்து தொடங்குகிறேன். பர்த்தலோமேயு சீகன்பால்கு. ஜெர்மனியின் புல்ஸ்னிட்ஸ் ஊர்க்காரர். 1706 ஜூலை 9-ஆம் நாள், தோழர் புளூட்சோவுடன் இந்தக் கடற்கரையில் இறங்கினார். அனுப்பியவர் டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக். வந்தவருக்கு வயது சுமார் 24. எதற்காக வந்தார்? நம்மைக் கேட்க வந்தாரா? இல்லை. நமக்குச் சொல்ல வந்தார். நம் தெய்வங்கள் பொய் என்று சொல்ல வந்தார். அதில் அவருக்கு ஒரு துளியும் ஐயம் கிடையாது.

வந்த புதிதில் அவர் செய்த ஒரு காரியத்தை அவரே எழுதி வைத்திருக்கிறார். வழியில் ஒரு கோயில். அங்கே வரிசையாக உருவங்கள். அவற்றில் சிலவற்றைத் தள்ளிவிட்டார், சிலவற்றின் தலையைத் தட்டி உடைத்தார். இவற்றுக்குச் சக்தி இல்லை என்று காட்டத்தான் அப்படிச் செய்தார். அங்கே நின்றிருந்த ஓர் உள்ளூர் வாத்தியார் அவரை அடிக்கப் பாயவில்லை, வாதாடினார். இவை தெய்வங்கள் அல்ல, தெய்வத்தின் காவல் வீரர்கள் என்றார். பேச்சு வளர்ந்தபோது, கடவுள் ஒருவரே, அவருக்கு உருவம் இல்லை என்பது எங்களுக்கும் தெரியும் என்றார்.

கொஞ்சம் அந்த இடத்தில் நின்று பாருங்கள். ஒருவர் கையில் உடைந்த தலை. எதிரே நிற்பவர் வாயில் ஒரு விளக்கம். இந்த இரண்டில் எது ஜெயிக்கப்போகிறது? அடுத்த ஏழு ஆண்டில் எது ஜெயித்தது என்பதுதான் நான் சொல்ல வந்த கதை.

அந்த இளைஞர் தமிழ் படிக்க உட்கார்ந்தார். வயது முதிர்ந்த திண்ணைப் பள்ளி வாத்தியார் ஒருவரை ஏற்பாடு செய்து, பள்ளிக்கூடத்தையே தம் வீட்டுக்கு வரவழைத்தார். சிறு பிள்ளைகளோடு தரையில் சம்மணமிட்டு, மணலைப் பரப்பி, விரலால் அ, ஆ என்று எழுதினார். மன்னர் அனுப்பிய ஆள்! பக்கத்தில் இருக்கும் ஐந்து வயதுப் பையன் இவரைவிட வேகமாக எழுதுகிறான். இவர் அழித்து அழித்து எழுதுகிறார். மணலில் எழுதுவதில் ஒரு பெரிய வசதி உண்டு. தப்பை அழிக்க வெட்கப்பட வேண்டியதில்லை, உள்ளங்கையால் ஒரு தேய்ப்புப் போதும்.

பிறகு ஓலைச்சுவடிகள். ஆள் அனுப்பி ஊர் ஊராகத் தேடினார். விலைக்கு வாங்கினார், கிடைக்காததைப் படியெடுக்கச் சொன்னார். காலையில் தாமே படித்தார், மற்ற வேளைகளில் புலவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கக் கேட்டார். வந்து இரண்டே ஆண்டில், 1708-இல், தம்மிடம் இருந்த 100-க்கு மேற்பட்ட தமிழ் நூல்களுக்கு ஒரு விளக்கப் பட்டியல் எழுதினார். அதே ஆண்டு நீதி வெண்பா, கொன்றை வேந்தன், உலக நீதி மூன்றையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். அந்த மொழிபெயர்ப்பின் முன்னுரையில் அவர் ஒன்றை ஒப்புக்கொள்கிறார். வந்தபோது இந்த மக்களுக்கு ஒழுங்கான மொழி இருக்கும் என்றோ, கல்வியும் நல்லொழுக்க நெறியும் இருக்கும் என்றோ தாம் நினைக்கவில்லையாம். அவர்களுடைய நூல்களைப் படித்த பிறகு தம் எண்ணம் தப்பு என்று தெரிந்துகொண்டாராம். தம்மை அனுப்பியவர்கள் படிக்கப்போகும் எழுத்தில், 'நான் நினைத்தது தப்பு' என்று எழுத எத்தனை பேருக்கு மனம் வரும்?

1713-இல் ஒரு பெரிய நூலை எழுதி முடித்தார். தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளி. சிவனும் திருமாலும் மட்டும் அதில் வரவில்லை. அய்யனார் வருகிறார், மாரியம்மன் வருகிறாள், அங்காளம்மன், எல்லம்மன், பிடாரி எல்லோரும் வருகிறார்கள். நம் படித்தவர்கள் ஏட்டில் ஏற்ற யோசித்த தெய்வங்களை, அவர்களுக்கு யார் பூசை செய்வது, என்ன படைப்பது என்பது வரைக்கும் கேட்டுக் கேட்டு எழுதினார். தமிழர்களுக்குக் கேள்விகள் அனுப்பி, அவர்கள் எழுதிய பதில் கடிதங்களையும் அதில் எடுத்துக்கொண்டார். அந்தக் கடிதங்களில் நம் ஆட்கள் சும்மா விட்டார்களா? கிறிஸ்தவ வேதத்தில் நல்லது இருக்கலாம், ஆனால் இங்கே வந்திருக்கும் கிறிஸ்தவர்கள் குடிக்கிறார்கள், பசுவைத் தின்கிறார்கள், குளிப்பதில்லை என்று எழுதினார்கள். அவரும் மறைக்காமல் ஜெர்மனிக்கு அனுப்பினார்.

காவல் வீரர்களின் தலையை உடைத்த அதே கைதான், அய்யனாருக்கு வம்சாவளி எழுதியது.

இதனால் அவர் நம்பிக்கை குறைந்ததா? அணுவளவும் இல்லை. கடைசி நாள் வரை பிரசங்கம் செய்தார், ஞானஸ்நானம் கொடுத்தார், புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். இதை அழுத்திச் சொல்கிறேன். மனம் திறப்பது என்றால் நம்பிக்கையைக் கைவிடுவது என்று நம்மில் பலர் பயப்படுகிறோம். சீகன்பால்கு எதையும் கைவிடவில்லை. எதிரே இருப்பவன் என்ன சொல்கிறான் என்பதை, அவனே 'ஆமாம், இதைத்தான் சொன்னேன்' என்று தலையாட்டும் அளவுக்கு எழுதத் துணிந்தார், அவ்வளவுதான். அவ்வளவுதான் என்கிறேன், ஆனால் அது எவ்வளவு கடினம்!

சரி, அந்தப் புத்தகம் என்ன ஆயிற்று? ஜெர்மனியில் ஹாலே நகரத்துக்குப் போயிற்று. அங்கே இருந்தவர் அகஸ்ட் ஹெர்மன் பிராங்கே. சாதாரண மனிதர் இல்லை. ஆயிரக்கணக்கான ஏழைப் பிள்ளைகளுக்குச் சோறும் கல்வியும் கொடுத்த நிறுவனத்தைக் கட்டியவர். அந்த நல்லவர் என்ன சொன்னார்? அஞ்ஞானத்தை வேரறுக்கத்தான் உங்களை அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்புவதற்கு அல்ல என்றார். புத்தகம் அலமாரிக்குப் போயிற்று. எத்தனை நாள்? எத்தனை ஆண்டு? 154 ஆண்டுகள்! 1867-இல்தான் ஜெர்மான் என்ற பாதிரியார் அதைச் சென்னையில் அச்சேற்றினார். எழுதியவர் 1719 பிப்ரவரி 23-இல், 36 வயதிலேயே இந்த ஊரில் கண்ணை மூடிவிட்டார். தம் புத்தகத்தை அவர் அச்சில் பார்க்கவே இல்லை.

கதவை அடைத்தது யார்? அய்யனாரைக் கும்பிட்டவனா? கடவுள் இல்லை என்றவனா? இல்லை. சொந்த வீடு.

அதற்கு முன்பே, 1708-இன் கடைசியில், இதோ இந்தக் கோட்டைக்குள் நான்கு மாதம் அவரைச் சிறை வைத்தார்களே, வைத்தவர் யார்? தளபதி ஹாசியஸ். அவரும் அதே மதம், அதே சபை. சொந்த வீடு.

இன்று நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். மனத்தைத் திறந்தவனிடம் எதிரி வந்து விலை கேட்பதில்லை. எதிரிக்கு அதில் சந்தோஷம்தான். விலையை வசூலிப்பது சொந்தக் கூட்டம். ஆகவே ஒருவனுக்குத் திறந்த மனம் உண்டா என்று பார்க்க வேண்டுமானால், அவன் கோயிலுக்குப் போகிறானா, கறுப்புச் சட்டை போடுகிறானா என்று பார்க்காதீர்கள். தன் கூட்டத்தாரிடம் அவன் எப்போதாவது ஏச்சு வாங்கியிருக்கிறானா என்று பாருங்கள்.

காவிரியில் கொஞ்சம் மேலே போவோம். கும்பகோணம். 1880. கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் இளைஞர் உ.வே. சாமிநாதையர். திருவாவடுதுறை மடத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர், பழுத்த சைவச் சூழலில் வளர்ந்தவர். ஊருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார் அவரிடம், சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று கேட்கிறார். இவருக்குத் தெரியாது. சமண நூல் ஆயிற்றே! ஏடு தேடி எடுத்துப் படித்தால் சமணக் கோட்பாடுகள் புரியவில்லை. என்ன செய்தார்? கும்பகோணத்திலேயே இருந்த சமணர் வீட்டைத் தேடிப் போனார். வாசலில் மாவிலைத் தோரணம், கோலம். என்ன விசேஷம் என்று கேட்டார். சிந்தாமணி படித்து இன்று பூர்த்தியாகிறது என்று பதில் வந்தது. எந்த நூலின் பொருள் தெரியாமல் இவர் தவித்துக்கொண்டிருந்தாரோ, அந்த நூலுக்கு நாலு தெரு தள்ளித் தோரணம் கட்டிக் கொண்டாடிக்கொண்டிருக்கிறார்கள்! சைவர் வீட்டுப் பிள்ளை சமணர் வீட்டில் உட்கார்ந்து பாடம் கேட்டார். 1887-இல் சிந்தாமணி அச்சாகி வந்தது. ஏசியது யார்? சமணரா? நம் சைவர்கள்தான். சைவன் சமண நூலைப் பதிப்பிக்கலாமா என்று கேட்டார்கள். அவர் அசையவில்லை. பின்னாளில் பௌத்த நூலாகிய மணிமேகலைக்கும் போனார்.

அவருடைய ஆசிரியர் மகாவித்துவானிடம் நாகூர் குலாம் காதிறு நாவலரும் பாடம் கேட்டார், புதுச்சேரி சவரிராயலு நாயக்கரும் பாடம் கேட்டார். கிறிஸ்தவரான வேதநாயகம் பிள்ளைமேல் அந்தச் சைவப் பெரும்புலவர் குளத்தூர்க் கோவை பாடினார். அந்த வேதநாயகம் பிள்ளை யார்? இந்தத் தரங்கம்பாடி நீதிமன்றத்தில் முன்சீபாக உட்கார்ந்தவர். பிறகு மாயூரத்துக்குப் போனவர். சர்வ சமய சமரசக் கீர்த்தனை எழுதியவர். இவர்கள் எல்லோரும் நம்புகிறவர்கள். நம்பிக்கை இவர்களைக் குறுக்கிவிடவில்லை.

நம் பக்கத்தைப் பற்றிப் பேசியாயிற்று, மகிழ்ச்சிதானே? இனி அந்தப் பக்கம் போவோம்.

1953 மே 27. திருச்சி நகரமன்ற மைதானம். தந்தை பெரியார் களிமண் பிள்ளையாரை எல்லோர் கண் முன்னும் உடைத்தார். இதற்குச் சக்தி இல்லை என்று காட்ட உடைத்தார். அதே நோக்கம், அதே அடி! சீகன்பால்கு உடைத்தது உண்மையான கடவுள் வேறு என்ற நம்பிக்கையில். பெரியார் உடைத்தது கடவுளே இல்லை என்ற உறுதியில். உடைகிற உருவத்துக்கு இந்த வித்தியாசம் தெரியுமா? அதைக் கும்பிட்டவன் நெஞ்சுக்குத் தெரியுமா? நான் கும்பிடுகிறவன். இன்றும் அது எனக்கு வலிக்கிறது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1958-இல் தீர்ப்புச் சொன்ன நீதிபதிகள், நம்புகிறவர்களின் உணர்வுக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்றே சொன்னார்கள்.

ஆனால் பெரியாரை அந்த ஒரு நாளோடு நிறுத்தினால், சீகன்பால்குவை அந்த உடைந்த தலைகளோடு நிறுத்திய குற்றம் எனக்கு வரும். ஒவ்வொரு கூட்டத்திலும் அந்த மனிதர் என்ன சொன்னார்? நான் சொல்கிறேன் என்பதற்காக ஏற்றுக்கொள்ளாதே, உன் அறிவுக்குச் சரி என்று பட்டால் எடுத்துக்கொள் என்றார். நம் மேடைகளில் இப்படிச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்த உபந்நியாசகர் எத்தனை பேர்? கூட்டங்களில் கடவுள் வாழ்த்துப் பாடும்போது, தள்ளாத வயதிலும் இரண்டு பக்கமும் ஆள் தாங்க எழுந்து நின்றார் என்று நேரில் பார்த்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். குன்றக்குடி மடத்தில் அடிகளார் அணிவித்த திருநீற்றைத் தடுக்காமல் ஏற்றுக்கொண்டார் என்றும் கேட்டிருக்கிறேன். கறுப்புச் சட்டைக்காரர்களில் முகம் சுளித்தவர் இல்லாமலா இருந்திருப்பார்கள்? ஆதீனத்துச் சைவர்களில் முகம் சுளித்தவர் இல்லாமலா இருந்திருப்பார்கள்? இருவருக்கும் அந்த விலை தெரியும். தெரிந்தேதான் கொடுத்தார்கள்.

ஜீவா இருக்கிறார். பகத்சிங் நாத்திகனானது ஏன் என்று எழுதியதை 1930-களில் தமிழில் தந்து சிறை சென்ற ப. ஜீவானந்தம். அவரே பின்னால் காரைக்குடிக் கம்பன் விழாவில் கம்பனைச் சொல்லிச் சொல்லி உருகினார். கம்பராமாயணத்தைக் கொளுத்த வேண்டும் என்ற குரல் உரக்க ஒலித்த காலம் அது. அந்தக் குரலும் சும்மா ஒலிக்கவில்லை. 1943-இல் அண்ணா ஒரு பக்கம், ரா.பி. சேதுப்பிள்ளை எதிர்ப்பக்கம் என்று சென்னை சட்டக் கல்லூரியில் ஒரே மேடையில் உட்கார்ந்து வாதாடினார்கள். இன்று அப்படி ஒரு மேடை போட முடியுமா? போட்டால் போலீஸ் எத்தனை வண்டி வர வேண்டும்?

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் சொல்லத்தான் வேண்டும். 2013 ஆகஸ்டில் புனேயில் மூடநம்பிக்கையை எதிர்த்த டாக்டர் நரேந்திர தாபோல்கரைக் காலை நடையின்போது சுட்டுக் கொன்றார்கள். 2017 மார்ச்சில், நம் கோயம்புத்தூரில், கடவுள் இல்லை என்று சொன்ன ஓர் இளைஞரை வெட்டிக் கொன்றார்கள். கொன்றவர்கள் அவர் பிறந்த மதத்தைச் சேர்ந்தவர்கள். மறுபடியும் அதே சொந்த வீடு. நான் ஏச்சு என்றேன், அந்தப் பிள்ளையிடம் உயிரையே வசூலித்தார்கள். நம்புகிறவர்களாகிய நாம், 'எங்களுக்குத்தான் மனம் விசாலம்' என்று பேசுவதற்கு முன்னால், அந்தப் பிள்ளையின் தாய் முன்னால் போய் நின்று அதைச் சொல்ல முடியுமா என்று யோசிக்க வேண்டும்.

அதே 2017-இல் பெல்ஜியத்து லூவேன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பிரிட்டன், பிரான்ஸ், ஸ்பெயின் மூன்று நாட்டிலும் 788 பேரிடம் கேட்டார்கள். நாத்திகர்கள் தங்களைப் பிடிவாதம் இல்லாதவர்களாகச் சொல்லிக்கொண்டார்கள். ஆனால் ஒன்றுக்கொன்று முரணான கருத்துகளைப் பொறுத்துக்கொள்வதிலும், எதிராளியின் இடத்தில் நின்று பார்ப்பதிலும் சில அளவுகளில் நம்புகிறவர்கள் ஒரு படி மேலே நின்றார்கள். இதைப் படித்தபோது எனக்கு உள்ளூரச் சந்தோஷம். நாலு பேருக்கு அனுப்பவும் கை பரபரத்தது. பிறகுதான் உறைத்தது. முடிவு மாறி வந்திருந்தால் அனுப்பியிருப்பேனா? ஐரோப்பாவில் 788 பேர் சொன்னது, ஆக்கூர் முக்கூட்டு டீக்கடைக்குப் பொருந்துமா என்று அப்போது உடனே கேட்டிருப்பேன். இப்போது கேட்கவில்லையே, ஏன்?

'நான் பகுத்தறிவாளன், என் மனம் ஏற்கெனவே திறந்தாயிற்று' என்று நினைப்பவன் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்ப்பதில்லை. அது அங்கே உள்ள ஆபத்து. 'என் பக்கம் கடவுளே இருக்கிறார்' என்று நினைப்பவன் கதவு என்று ஒன்று இருப்பதையே மறந்துவிடுகிறான். அது இங்கே உள்ள ஆபத்து. இரண்டில் எது பெரிது என்று என்னைக் கேட்டால், இந்த நாட்டில், இன்றைக்கு, எண்ணிக்கையும் பலமும் நம்புகிறவர்கள் கையில் இருக்கின்றன. எனவே கதவைத் தொட்டுப் பார்க்க வேண்டிய கடமை நமக்கு அதிகம் என்பேன்.

ஒரு சொந்தக் கதையைச் சொல்லி அமர்கிறேன். இதை மேடையில் சொல்வது இதுவே முதல் தடவை.

முப்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது. நான் ஆசிரியனாக இருந்த ஒரு பள்ளியில் கட்டுரைப் போட்டி. தலைப்பு, 'இறைவன்'. பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன், கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளை, நாற்பது பக்க நோட்டில் பாதியை நிரப்பியிருந்தான். முதல் பக்கத்திலேயே கடவுள் இல்லை என்று எழுதியிருந்தான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம், சிவப்பு மையால் கோடு கோடாக இழுத்தேன். எழுத்து நல்ல எழுத்து, பிழையே இல்லை. பரிசு வேறு பையனுக்குப் போயிற்று.

பல ஆண்டு கழித்து ஒரு நாள் அந்தப் பையன் வீட்டுக்கு வந்தான். பையன் என்ன, காதோரம் நரைத்துவிட்டது. பிளாஸ்டிக் பையில் சுற்றி அந்த நோட்டைக் கொண்டுவந்திருந்தான். "சார், பரிசு கொடுக்கலைன்னு எனக்கு வருத்தமே இல்லை. கடைசிப் பக்கத்தை மட்டும் ஒரு தடவை படிச்சுடுங்க சார்" என்றான்.

திண்ணையிலேயே உட்கார்ந்து திருப்பினேன். இவ்வளவும் எழுதிவிட்டேன், இனி நம்புகிறவர்கள் பக்கத்தையும் எழுத வேண்டும் என்று தொடங்கியிருந்தான். அவன் அண்ணன் கட்டுமரத்தில் போனவன் திரும்பி வரவில்லையாம். அன்றிலிருந்து அம்மா தினமும் பொழுது சாய்கிற நேரத்தில் வாசலில் ஒரு விளக்கு ஏற்றி வைக்கிறாளாம். அந்த விளக்குக்கு எண்ணெய் வாங்கி வருவது தன் வேலை என்று எழுதியிருந்தான். விளக்கு யாருக்கு என்று தான் கேட்டதில்லை, அம்மா சொன்னதும் இல்லை. அந்த விளக்கை வேண்டாம் என்று சொல்லிவிட்டு அம்மாவுக்கு அதன் இடத்தில் எதைக் கொடுப்பது என்று தனக்கு இன்னும் தெரியவில்லை, தெரியும்வரை எண்ணெய் வாங்கிக் கொடுப்பேன் என்று முடித்திருந்தான்.

முன்னால் திருப்பினேன், சிவப்புக் கோடுகள். பின்னால் திருப்பினேன். மூன்றாம் பக்கத்துக்குப் பிறகு எங்கேயும் சிவப்பு மை இல்லை.